பைபாடா, ஃப்ரண்ட் ரெஸ்டா? 900 மீட்டருக்கு எதை வாங்குவது

மலையோரம்_ரப்பர் · டிசம்பர் 27

எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊர் குலசேகரம் பக்கம், வேலை ஒட்டாவாவில். கிறிஸ்துமஸுக்கு வந்திருக்கிறேன், பொங்கல் கழிந்து திரும்ப வேண்டும். போன வருடம் அங்கே ஒரு கிளப்பில் சேர்ந்து கானாட் ரேஞ்சில் (அங்குள்ள சுடுதளம்) எஃப் கிளாஸ் சுட ஆரம்பித்தேன். தெரியாதவர்களுக்கு: படுத்துக்கொண்டு, துப்பாக்கியின் முன்பக்கத்தை ஒரு தாங்கியிலும் பின்பக்கத்தை ஒரு பையிலும் வைத்து, டெலஸ்கோப் வழியாக 300 மீட்டரிலிருந்து 900 மீட்டர் வரை காகித இலக்கைச் சுடுவது.

என்னிடம் இருப்பது .308 குழல் அளவு போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள், ஸ்கோப்போடு 6.9 கிலோ. இதுவரை நண்பர் ஒருவரின் ஹாரிஸ் பைபாடை (துப்பாக்கியோடு மாட்டுகிற இரட்டைக் கால் தாங்கி) இரவல் வாங்கி ஓட்டினேன், இனி சொந்தமாக ஒன்று வேண்டும். என் பிரச்சினை என்னவென்றால் குண்டுகள் இடவலமாகப் போவதைவிட மேலும் கீழுமாகத்தான் அதிகம் சிதறுகின்றன, 800 மீட்டரில் 2 எம்.ஓ.ஏ. (கோண அளவு, 100 மீட்டருக்கு 1 எம்.ஓ.ஏ. சுமார் 3 சென்டிமீட்டர்) உயரத்துக்கு ஏணி போட்ட மாதிரி நிற்கும். ரேஞ்சில் பாதிப் பேர் நல்ல பைபாட் வாங்கு என்கிறார்கள், மீதிப் பேர் பைபாடை விட்டுவிட்டு, குறியை நகர்த்த ஜாய்ஸ்டிக் வைத்த ஃப்ரண்ட் ரெஸ்டுக்கு (தரையில் தனியாக நிற்கும் தாங்கி) போ என்கிறார்கள். கையில் 600 டாலர் இருக்கிறது, வீட்டுக்காரிக்குத் தெரிந்த கணக்கில் 300. எதை வாங்கலாம்?

பிஸ்லி_மார்த்தாண்டம் · டிசம்பர் 27

மக்கா, முதலில் எந்தப் பிரிவில் சுடப் போகிறாய் என்று சொல். கடைக்குப் போவதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

எஃப் கிளாஸில் இரண்டு பிரிவு. எஃப் டி.ஆர். என்றால் .223 ரெமிங்டன் அல்லது .308 வின்செஸ்டர் மட்டும், முன்னால் பைபாட், மொத்த எடை 8.25 கிலோவைத் தாண்டக் கூடாது, பைபாடும் ஸ்கோப்பும் அந்த எடைக்குள் அடக்கம். எஃப் ஓப்பன் என்றால் 8 மில்லிமீட்டர் வரை எந்தக் குழல் அளவும் சரி, எடை 10 கிலோ வரை, தரையில் தனியாக உட்காரும் ஃப்ரண்ட் ரெஸ்ட் வைக்கலாம், அதன் எடை கணக்கில் வராது.

இப்போது .308ஐ ஃப்ரண்ட் ரெஸ்டில் வைத்தால் நீ எஃப் ஓப்பனில் நிற்கிறாய். பக்கத்தில் படுத்திருப்பவன் 7 மில்லிமீட்டர் மேக்னத்தோடு வந்திருப்பான், உன் குண்டை இரண்டு அடி தள்ளுகிற காற்று அவன் குண்டை ஒன்றரை அடிகூடத் தள்ளாது. ரெஸ்டால் கிடைக்கிற லாபத்தையெல்லாம் அங்கே கொடுத்துவிடுவாய். ஆகையால் .308 கையில் இருக்கும்வரை பைபாட்தான். 8.25இல் 6.9 போனால் 1.35 கிலோ மிச்சம், எந்த நல்ல பைபாடும் அதற்குள் அடங்கும்.

இன்னொரு கேள்வி. 300 மீட்டரில் மேல்கீழ் சிதறல் எவ்வளவு? எம்.ஓ.ஏ. கணக்கில் சொல். அதைப் பார்த்துத்தான் குற்றம் தாங்கியிலா தோட்டாவிலா என்று சொல்ல முடியும்.

தக்கலை_ஹவில்தார் · டிசம்பர் 27

இருபத்திரண்டு வருடம் மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்தவன் என்ற முறையில் கேட்கிறேன், கோபப்படாதீர்கள். முன்னால் ஸ்டாண்டு, பின்னால் தலையணை, நடுவில் டெலஸ்கோப்பு. இதில் நீங்கள் என்ன செய்கிறீர்கள், டிரிகரை மட்டும் தொடுகிறீர்களா? கட்டிலில் படுத்துச் சுடுகிற மாதிரி அல்லவா இருக்கிறது. நாங்கள் எல்.எம்.ஜி.க்கு (இலகு இயந்திரத் துப்பாக்கி) மட்டும்தான் பைபாட் பார்த்திருக்கிறோம். ரைஃபிள் என்றால் முழங்கை, தோள், மூச்சு, அவ்வளவுதான்.

பிஸ்லி_மார்த்தாண்டம் · டிசம்பர் 27

சாரே, நியாயமான கேள்விதான், இங்கிலாந்திலும் ஸ்லிங் (கையில் மாட்டுகிற வார்) போட்டுச் சுடுகிற பழைய ஆட்கள் இதையேதான் சொல்வார்கள். இந்தப் பிரிவு பிறந்ததே உங்களைப் போன்ற ஒரு மூத்த சுடுநரால்தான். கனடாவில் ஜார்ஜ் ஃபார்குவார்சன் என்பவர், வயதான பிறகு இரும்புக் குறியும் ஸ்லிங்கும் ஒத்துவராமல் போனாலும் விளையாட்டை விட மனசில்லாமல் தாங்கியும் ஸ்கோப்பும் வைத்துச் சுட அனுமதிக்கச் சொல்லி நின்றார். அவர் பெயரின் முதல் எழுத்துதான் அந்த எஃப். 2002இல் ஒட்டாவாவிலேயே உலகப் போட்டி நடத்துகிற அளவுக்கு வளர்ந்துவிட்டது.

தாங்கி வைத்ததால் இலக்கையும் பாதியாக்கிவிட்டார்கள். நடு வட்டம் அரை எம்.ஓ.ஏ., அதற்கு வெளியே 1 எம்.ஓ.ஏ. வட்டம். 900 மீட்டரில் அந்த நடு வட்டம் 13 சென்டிமீட்டர், ஒரு சின்ன தோசை அளவுகூட இல்லை.

மலையோரம்_ரப்பர் · டிசம்பர் 28

பழைய ஸ்கோர் அட்டைப் படங்கள் போனில் இருந்தன, உட்கார்ந்து அளந்தேன். 300 மீட்டரில் மேல்கீழ் 1.3 எம்.ஓ.ஏ., இடவலம் 0.7. அங்கே சுடும் இடம் புல் மேடு. பைபாடின் ரப்பர் கால் ஒவ்வொரு குண்டுக்கும் புல்லுக்குள் கொஞ்சம் இறங்குகிற மாதிரி இருக்கும், நான் மறுபடி நெஞ்சைத் தூக்கி, பின்பையை நசுக்கிக் குறியைச் சரி செய்வேன். பின்பை என்று பெருமையாகச் சொல்கிறேனே தவிர அது சுருட்டின துண்டுதான்.

பிஸ்லி_மார்த்தாண்டம் · டிசம்பர் 28

அப்போ பெரிய பங்கு தாங்கிக்குத்தான், தோட்டாவுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. ஏன் கேட்டேன் என்றால், தோட்டாவுக்குத் தோட்டா வேகம் வினாடிக்கு 10 மீட்டர் மாறினால் .308க்கு 900 மீட்டரில் முக்கால் எம்.ஓ.ஏ.க்கு மேல் மேல்கீழாகக் காட்டும், 300 மீட்டரில் அதே வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. உனக்கு 300லேயே 1.3 இருக்கிறது என்றால் அது வெடிமருந்தின் குற்றம் இல்லை. துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு 600 டாலருக்கு பைபாட் கேட்கிறாயே மக்கா!

பட்டறை_பார்வதிபுரம் · டிசம்பர் 28

துப்பாக்கி எனக்குத் தெரியாது, லேத் தெரியும். ஆனாலும் கணக்கு போட்டுப் பார்த்தேன், தலை சுற்றுகிறது.

முன்தாங்கிக்கும் பின்பைக்கும் நடுவே 75 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் 0.1 மில்லிமீட்டர் உயர்ந்தால், அதாவது ஒரு ஜெராக்ஸ் காகிதத்தைக் கீழே செருகினால், 900 மீட்டரில் குறி 12 சென்டிமீட்டர் ஏறுகிறது. நீங்கள் சொன்ன நடு வட்டம் முழுக்கப் போச்சு. ஃப்ரண்ட் ரெஸ்டில் உயரம் மாற்ற சாதாரண எம்10 போல்ட் போட்டால் ஒரு சுற்றுக்கு 1.5 மில்லிமீட்டர் ஏறும். அது அங்கே 1.8 மீட்டர். போல்ட்டைப் பத்து டிகிரி திருப்பினால் 5 சென்டிமீட்டர். இதைக் கையால் திருகி நிறுத்துகிறீர்கள் என்றால் பெரிய விஷயம்தான். அதனால்தான் ஜாய்ஸ்டிக்காரன் ஆயிரம் டாலர் கேட்கிறான் போலிருக்கிறது: நீளமான கம்பி, அடியில் பந்து மூட்டு, கையில் நிறைய அசைத்தால் மேலே துளி அசையும்.

செய்ய முடியாத வேலை இல்லை. முக்காலி மாதிரி மூன்று கால், நடுவில் தூண், மேலே பை வைக்க ஒரு தொட்டி. எனக்குப் பயமாக இருப்பது திருகு இல்லை, பூட்டு. உயரத்தை வைத்துவிட்டுப் பூட்டு நட்டை முறுக்கும்போது தூண் ஒரு முடி அளவு சாயும். அந்த முடி அளவு உங்களுக்கு ஒரு முழம்.

ஏர்ரைபிள்_அருமனை · டிசம்பர் 28

அண்ணே, நான் .177 ஏர் ரைஃபிள் வைத்திருக்கிறேன், அதில் ஹாரிஸ் மாதிரி ஒரு பைபாடை ஆன்லைனில் வாங்கி மாட்டியிருக்கிறேன். ஸ்டேட் மேட்சுக்குப் போகும்போது இதை வைத்துச் சுட விடுவார்களா?

பிஸ்லி_மார்த்தாண்டம் · டிசம்பர் 28

விட மாட்டார்கள் தம்பி. 10 மீட்டர் ஏர் ரைஃபிள் நின்றுகொண்டுதான், தாங்கி கிடையாது. படுத்துச் சுடுகிற 50 மீட்டர் புரோனில்கூட ஸ்லிங் மட்டும்தான், முன்கை தரையோடு 30 டிகிரிக்குக் குறையக் கூடாது என்று அளந்தே பார்ப்பார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான எஸ்.எச்.2 பிரிவில் மட்டும் ஸ்பிரிங் வைத்த ஸ்டாண்டு உண்டு. பைபாடைக் கழற்றி வைத்துவிட்டு நிற்கப் பழகு. அப்புறம், 20 ஜூலுக்குள் இருக்கும் .177 என்றால்தான் உரிமம் வேண்டாம், வாங்கின பெட்டியைப் பத்திரமாக வை. வீட்டுப் பின்னால் சுடுகிறாய் என்றால் இலக்குக்குப் பின்னால் மண்மேடு இருக்கட்டும், ரப்பர் மரத்தை நம்பாதே.

கடியபட்டணம்_கறுப்புமணல் · டிசம்பர் 29

பின்பைக்கு வெளிநாட்டில் "ஹெவி சேண்ட்" என்று ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி நிரப்புகிறார்கள் என்று படித்தேன். சிர்க்கான் மணல். சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் மணவாளக்குறிச்சியில் ஐ.ஆர்.இ.எல். என்கிற அரசு மணல் ஆலை பிரித்தெடுப்பதே இல்மனைட், சிர்க்கான், கார்னெட்தானே. அண்ணனுக்கு ஒரு சாக்கு எடுத்துத் தரவா?

பட்டறை_பார்வதிபுரம் · டிசம்பர் 29

வே, சும்மா இரும். அந்தக் கறுப்பு மணலில் மோனசைட் கலந்து கிடக்கிறது, அதில் தோரியம். கடற்கரையில் அள்ளினால் கேஸ். அதைப் பையில் கட்டி விமானத்தில் வேறு ஏற்றினால் திருவனந்தபுரத்தில் இவரை உட்கார வைத்துக் கேள்வி கேட்பார்கள், பொங்கலும் அங்கேதான்.

பிஸ்லி_மார்த்தாண்டம் · டிசம்பர் 29

அண்ணாச்சி சொல்வது சரி, அள்ள வேண்டாம். ஆனால் கறுப்புமணல்காரர் சொன்ன தத்துவம் உண்மை. சாதாரண மணலின் அடர்த்தி 2.65, சிர்க்கான் 4.6 பக்கம். அதே அளவுப் பை கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மடங்கு கனக்கும், உதைப்புக்கு நகராது. அங்கே கடையில் வாங்கலாம், அதற்குள் சாதாரண மணலே போதும். நன்றாகக் கழுவி, கொசுவலையில் சலித்து, இரும்புச் சட்டியில் வறுத்து ஈரம் போக்கி நிரப்பு. தூசி இருந்தால் தையல் வழியாக வடிந்துகொண்டே இருக்கும்.

அரிசி நிரப்பாதே. நான் முதல் வருடம் பச்சரிசி போட்டேன், இங்கிலாந்து மழையில் ஊறி ஆகஸ்டில் பை புளித்த மாவு வாசனை அடித்தது.

பையின் உருவம்தான் முக்கியம். அடிப்பாகம் கல் மாதிரி இறுக்கமாக, மேலே முயல் காது மாதிரி இரண்டு மேடு, அந்தக் காதுகளுக்கு நடுவே பட்டின் (துப்பாக்கியின் பின்கட்டை) அடிப்பகுதி உட்கார வேண்டும். காது தளர்ந்தால் ஒவ்வொரு குண்டுக்கும் வேறு இடத்தில் உட்காரும். தோல் என்றால் கொஞ்சம் டால்கம் பவுடர் தடவு, இல்லாவிட்டால் கிறீச்சிட்டுக்கொண்டு பிடித்துப் பிடித்து நகரும்.

மலையோரம்_ரப்பர் · டிசம்பர் 29

கோட்டாறில் ஸ்கூட்டர் சீட்டு, செண்டை வார் எல்லாம் தைக்கிற ஒருவரிடம் போனேன். படத்தைக் காட்டினேன். "இது என்ன, முயலுக்குத் தலையணையா?" என்றார். அப்புறம் அவரே காதுக்கு இரண்டடுக்குத் தோல், அடிக்கு லாரித் தார்ப்பாய், நிரப்புகிற வாய்க்கு உள்பக்கம் ஒரு நாக்கு என்று வரைந்து காட்டினார். நாக்கை நான் கேட்கவே இல்லை. இரண்டு நாளில் தருகிறாராம்.

இப்போது பைபாட் விஷயத்துக்கு வருவோம். ஹாரிஸ் போதுமா, அகலமான ஒன்று வேண்டுமா?

பிஸ்லி_மார்த்தாண்டம் · டிசம்பர் 30

கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், டீ போட்டுக்கொண்டு படி.

ஹாரிஸ் நல்ல சாமான், வேட்டைக்காரனும் ராணுவமும் பல வருடமாக நம்பின சாமான். ஆனால் அது தூக்கிக்கொண்டு நடக்கிறவனுக்காகச் செய்தது. கால்கள் குறுகலாக நிற்கும், மேலே துப்பாக்கி உயரமாக உட்காரும். .308 வெடிக்கும்போது குண்டு குழலுக்குள் சுழல்வதால் துப்பாக்கி எதிர்ப்பக்கம் முறுக்கிக்கொள்ளும், குறுகின கால் அந்த முறுக்கலில் ஒரு பக்கம் தூக்கும். குண்டு குழலை விட்டுப் போக ஒரு மில்லி வினாடி சொச்சம்தான் ஆகிறது, அதற்குள் பெரிதாக ஒன்றும் நடக்காது என்பார்கள். உண்மைதான், ஆனால் அண்ணாச்சி போட்ட 0.1 மில்லிமீட்டர் கணக்கை மறந்துவிடாதே.

அகலமான பைபாடில் இரண்டு கால்களுக்கும் நடுவே ஒரு முழத்துக்கு மேல் இருக்கும், துப்பாக்கி அவற்றுக்கு நடுவே தாழ்வாகத் தொங்குகிற மாதிரி. அடியில் கூர்முனைக்குப் பதில் பனிச்சறுக்கு மரம்போல் வளைந்த தகடு. இந்தோனேசியாவில் செய்கிற செப் ஜாய்பாட் இந்த வகைதான், ஜாய்ஸ்டிக்கும் அதிலேயே உண்டு. வெடித்தவுடன் துப்பாக்கி நேராகப் பின்னால் சறுக்கும், தள்ளிவிட்டால் பழைய இடத்துக்கே வரும்.

இதில்தான் எல்லாரும் தப்பு செய்கிறார்கள். ஹாரிஸில் தோளால் முன்னால் கொஞ்சம் அழுத்தி, கால்களை இழுவிசையில் வைத்துச் சுட வேண்டும், ஒவ்வொரு குண்டுக்கும் அதே அழுத்தம். சறுக்குகிற பைபாடில் அழுத்தவே கூடாது, விட்டுவிட வேண்டும். ஹாரிஸ் பழக்கத்தோடு ஜாய்பாடில் படுத்து அழுத்தினால் அகலக் கால் வில்லாக வளைந்து நிற்கும், பிறகு எங்கே போகும் என்று அதற்கே தெரியாது. என் கிளப்பில் ஒருவர் விலை உயர்ந்த பைபாட் வாங்கி ஒரு சீசன் முழுக்க பழைய ஸ்கோரைக்கூட எட்டவில்லை. சாமானைக் குறை சொல்லி விற்றுவிட்டார். வாங்கினவர் நான்.

இன்னொன்று, சாய்வு. குண்டு தூரத்தில் இறங்குவதைச் சரிக்கட்ட ஸ்கோப்பில் 32 எம்.ஓ.ஏ. ஏற்றி வைத்திருக்கும்போது துப்பாக்கி 1 டிகிரி பக்கவாட்டில் சாய்ந்தால் குறி அரை எம்.ஓ.ஏ.க்கு மேல் பக்கத்தில் போகும். அகலக் காலை ஒருமுறை சமமாக வைத்தால் எளிதில் சாயாது. ஹாரிஸ் என்றால் பக்கவாட்டில் சாய்த்துச் சமப்படுத்துகிற மாடலாகப் பார்த்து வாங்கி ஒரு ரசமட்டக் குமிழையும் ஒட்டு.

தக்கலை_ஹவில்தார் · டிசம்பர் 30

அழுத்தம் பற்றிச் சொன்னது சரி. எல்.எம்.ஜி.யில் எங்களுக்கும் அதுதான் பாடம்: இடது கை பட்டின் மேல், தோள் முன்னால், சிமெண்ட் தரையில் வைத்தால் குதிக்கும், மண்ணில் வைத்தால் கடிக்கும். சிமெண்டில் படுக்க வேண்டி வந்தால் கம்பளியை நாலாக மடித்துப் போடுவோம். இதை யாரும் புத்தகத்தில் எழுதினதாக ஞாபகம் இல்லை, ஒரு நாயக் சொல்லித் தந்தார்.

முப்பந்தல்_டெக்னீஷியன் · டிசம்பர் 31

மூன்று நாளாகப் படிக்கிறேன், கால், பை, திருகு, முயல் காது. காற்றைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. நான் காற்றாலையில் வேலை பார்க்கிறவன். ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்றில் நின்று பார்த்தால் தெரியும், தரையில் ஒரு வேகம், கோபுரத்தின் உச்சியில் வேறு வேகம், நூறு அடி தள்ளி வேறு திசை. உங்கள் குண்டு 900 மீட்டர் போக ஒன்றரை வினாடி எடுக்கிறது, வழியில் மேடும் மரமும். பிஸ்லிக்காரரே, மணிக்கு 16 கிலோமீட்டர் பக்கக் காற்று அதை எவ்வளவு தள்ளும்?

பிஸ்லி_மார்த்தாண்டம் · டிசம்பர் 31

.308க்கா? 900 மீட்டரில் ஒன்றரை, இரண்டு மீட்டர்.

முப்பந்தல்_டெக்னீஷியன் · டிசம்பர் 31

ரெண்டு மீட்டர்! நீங்கள் ஜெராக்ஸ் காகிதத்துக்கு அழுகிறீர்கள்.

பிஸ்லி_மார்த்தாண்டம் · டிசம்பர் 31

தாங்கி சரியாக இருந்தால்தான் சாரே அந்தத் தவறு காற்றினாலா என்னாலா என்று தெரியும். குண்டு இடதுபக்கம் போனால் காற்றிடம் ஏமாந்தேன் என்று உறுதியாகச் சொல்ல முடிய வேண்டும். துண்டைச் சுருட்டி வைத்தவனுக்கு அந்த உறுதி எப்படி வரும்?

மலையோரம்_ரப்பர் · ஜனவரி 5

சோதனை நடத்தினோம். துப்பாக்கி ஒட்டாவாவில் இருக்கிறது, அதனால் பட்டறை அண்ணாச்சி ஒரு யோசனை சொன்னார். ஆசாரியிடம் அயினி மரத்தில் துப்பாக்கி அளவுக்கு ஒரு கட்டை இழைத்து வாங்கினோம், அடிப்பகுதி முன்னால் தட்டையாக மூன்று அங்குலம், பின்னால் வளைவாக. உள்ளே இரும்புக் கம்பி இறக்கி 8 கிலோ ஆக்கினோம். அருமனைத் தம்பியின் 3-9x40 ஏர்கன் ஸ்கோப்பை மேலே மாட்டினோம். அண்ணாச்சியின் மச்சினன் வீட்டு மாடி, தேரூர்ப் பக்கம், எதிரே வயல். வயலுக்கு அந்தப்புறம் மதகுச் சுவரில் 9 சென்டிமீட்டர் கறுப்பு வட்டம் ஒட்டினோம், 300 மீட்டருக்கு அது 1 எம்.ஓ.ஏ. வழியில் போன பெரியவர் ஒருவர் தண்ணீர் அளவு பார்க்கிறோம் என்று நினைத்து, எப்போது திறப்பார்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்.

முதலில் தம்பியின் பைபாட், சிமெண்ட் தரை, சுருட்டின துண்டு. கன்னத்தை வைத்தவுடன் குறுக்குக்கம்பி வட்டத்தை விட்டு வெளியே போய் வந்தது, நாடித்துடிப்புக்குத் துடிப்பு ஆடியது. மூச்சை விட்டால் துண்டு மெதுவாக அமுங்கி, அரை நிமிடத்தில் கம்பி வட்டத்தின் அடியிலிருந்து மேலே ஏறிவிட்டது. நான் இத்தனை நாள் இதன் மேல் படுத்துக்கொண்டு மேல்கீழ் சிதறுகிறது என்று புலம்பியிருக்கிறேன்.

அடுத்து துண்டை எடுத்துவிட்டு கோட்டாறுப் பை. அவ்வளவுதான், வேறு ஒன்றையும் மாற்றவில்லை. கம்பி வட்டத்துக்குள் நின்றது. நாடித்துடிப்பு தெரிந்தது, ஆனால் வட்டத்தின் கால்வாசிக்குள். ஹவில்தார் சார் சொன்னபடி பைபாடின் அடியில் கம்பளி மடித்துப் போட்டோம், அமுங்கி அமுங்கி இறங்கியது. தேங்காய் நார் மிதியடி போட்டோம், அதுவும் அப்படியே. ஒரு அயினிப் பலகையில் மெல்லிய கார்ப்பெட் ஒட்டிப் போட்டபோதுதான் அசையாமல் நின்றது.

கடைசியில் அண்ணாச்சி ஒரே நாளில் செய்த முக்காலி ரெஸ்ட். பழைய பம்பு அடித்தட்டு, மூன்று போல்ட் கால், மேலே மணல் பை. நிற்கிறது பாருங்கள், கோவில் தூண் மாதிரி. நாடித்துடிப்பே இல்லை. ஆனால் அவர் முன்பே சொன்னது நடந்தது: கம்பியை நடுவில் வைத்துவிட்டுப் பூட்டு நட்டை முறுக்கினால் அரை வட்டம் குதிக்கிறது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. மறுநாள் தூணைச் சுற்றிக் கவ்வுகிற மாதிரி பிளந்த வளையம் போட்டுக் கொண்டுவந்தார், குதிப்பு நின்றது.

பிஸ்லி_மார்த்தாண்டம் · ஜனவரி 5

கொள்ளாம்! ஆனால் இதில் உதைப்பு இல்லை, அதையும் எழுது. அசையாமல் நிற்பது பாதிதான், வெடித்தபின் எப்படிப் பின்னால் போகிறது என்பது மீதி. கட்டை கையில் இருக்கும்போதே ஒன்று செய்: ஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே கட்டையைப் பையின் மேல் நேராக 5 சென்டிமீட்டர் பின்னால் இழு. கம்பி வட்டத்திலிருந்து நேர்கோட்டில் ஏறினாலோ இறங்கினாலோ சரி. இடதோ வலதோ போனால் முன்தாங்கியும் பின்பையும் ஒரே கோட்டில் இல்லை. சுடுவதற்கு முன் நான் ஒவ்வொரு முறையும் இதைச் செய்வேன்.

தேரூர்_கொக்கு · ஜனவரி 6

நான் துப்பாக்கி ஆள் இல்லை, பறவை பார்க்கிறவன். தேரூர்க் குளத்தில் முக்காலியில் டெலஸ்கோப் வைத்து உட்கார்ந்திருக்கும்போது மாடியில் நீங்கள் எதையோ குறி வைப்பதைப் பார்த்துப் பதறிப்போய் வந்து கேட்டவன் நான்தான். ராம்சார் பட்டியலில் (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல்) இருக்கிற இடம் சார், அடுத்த முறை முன்கூட்டியே சொல்லுங்கள். ஒரு குறிப்பு: ஒன்பது மணிக்கு மேல் வயலிலிருந்து கானல் எழும்பும், அப்போது வட்டம் ஆடுவது உங்கள் தாங்கியினால் இல்லை. டெலஸ்கோப்பைக் கொஞ்சம் பாதி வழிக்கு ஃபோகஸ் செய்தால் கானல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியும், காற்றும் அந்தப் பக்கம்தான்.

முப்பந்தல்_டெக்னீஷியன் · ஜனவரி 6

பார்த்தீர்களா, கொக்குக்காரருக்குத் தெரிகிறது.

மலையோரம்_ரப்பர் · ஜனவரி 7

கொக்கு அண்ணா, மன்னிக்கவும். அது வெறும் மரக்கட்டை என்று உங்களிடம் தூக்கிக் காட்டினோமே. இருந்தாலும் தப்பு எங்கள் மேல்தான், பார்க்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்.

இழுத்துப் பார்த்தேன். முதல் தடவை கம்பி வலதுபக்கம் ஒன்றரை வட்டம் ஓடியது. பின்பையைக் கட்டைவிரல் அகலம் நகர்த்தினேன், நேராக ஏறியது.

முடிவு இதுதான். .308ஐ மாற்றப் போவதில்லை, அதனால் எஃப் டி.ஆர்., அதனால் பைபாட். சறுக்குத் தகடு வைத்த அகலமான ஒன்றைப் பழையதாகத் தேடுகிறேன், 350 டாலருக்குள் கிடைத்தால் வீட்டுக் கணக்கும் கிட்டத்தட்ட சரியாகிவிடும். அண்ணாச்சியின் முக்காலி ஏழு கிலோ, அதைக் கொண்டுபோனால் நேந்திரம் சிப்ஸும் அம்மாவின் மாங்காய் ஊறுகாயும் ஊரிலேயே நிற்கும், அதனால் அது பட்டறையிலேயே இருக்கட்டும். பை காலியாக என்னோடு வருகிறது, மணல் அங்கே. அயினிப் பலகையும் வருகிறது. பலகை அளவுக்கு விதியில் கட்டுப்பாடு இருக்கும் என்று பிஸ்லிக்காரர் தனியாகச் சொன்னார், ரேஞ்சில் கேட்டுவிட்டு அறுத்துக்கொள்கிறேன்.

மலையோரம்_ரப்பர் · மே 19

பனி உருகி ரேஞ்ச் திறந்தாச்சு. பழைய பைபாட் ஒன்று கிடைத்தது, இரண்டு வாரம் அழுத்தாமல் படுக்கப் பழகினேன், இன்னும் சில குண்டுக்குத் தோள் தானாக முன்னால் போகிறது. 300 மீட்டரில் மேல்கீழ் 1.3லிருந்து 0.6. 800 மீட்டரில் 2லிருந்து 1.4, மீதி தோட்டா வேகம்தான், அதற்குத் தனி இழை போடுகிறேன். இடவலம் குறையவே இல்லை, 800இல் முதல் நாள் மூன்று குண்டு கறுப்பு வட்டத்துக்கு வெளியே வெள்ளையில் போனது.

முப்பந்தல்_டெக்னீஷியன் · மே 19

நான் ஒன்றும் சொல்லவில்லை.

தக்கலை_ஹவில்தார் · மே 20

நல்ல செய்தி. தம்பி, அந்தக் கோட்டாறு ஆள் எந்தத் தெருவில் இருக்கிறார்? பேரனின் ஏர் ரைஃபிளை எடுத்துப் படுத்துப் பார்த்தேன், வலது தோள் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை. முயல் காதுப் பை ஒன்று தைக்கச் சொல்ல வேண்டும். உள்ளே நாக்கு வைத்தே தைக்கச் சொல்லுங்கள்.

பட்டறை_பார்வதிபுரம் · மே 20

சாரே, முக்காலி இங்கே சும்மாதான் கிடக்கிறது. வண்டி எடுத்து வாருங்கள், தனியாகத் தூக்க வேண்டாம்.